பாறைக்குட்டையில் பிளென்னி பார்ப்பது எப்படி

கடல் வற்றிய நேரத்தில் பாறைகளுக்கு நடுவே தேங்கிக் கிடக்கும் குட்டையை ஒரு நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு நத்தை, ஒரு நண்டு, வேறொன்றும் இல்லை" என்று நகர்ந்துவிடுபவர்கள்தான் அதிகம். நானும் ரொம்ப காலம் அப்படித்தான் இருந்தேன். இன்னும் மோசம், ஒரு குச்சியை எடுத்துப் பொந்துகளில் எல்லாம் குடைந்து பார்ப்பேன். குழம்பிய குட்டையில் மீன் பிடிக்கலாம் என்பார்கள், ஆனால் மீன் பார்க்க முடியாது. அந்தக் குட்டைகளில் பலவற்றில் நாலைந்து மீனாவது இருந்திருக்கும். நான் வருவதை அவை முன்பே பார்த்திருக்கும், நான் கிளம்பும் வரை உள்ளே காத்திருந்திருக்கும். இவற்றைப் பார்க்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, அவை உங்களை மறக்கும் வரை அசையாமல் உட்கார்ந்திருப்பது. கீழே சொல்லப்போவதெல்லாம் அப்படி உட்காருவதற்கான ஏற்பாடுகள்தான்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். பிளென்னி என்று பேர். பெரும்பாலான இனங்கள் 15 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும், பல இனங்கள் விரல் நீளம்கூட இருக்காது. அசல் பிளென்னிக் குடும்பத்தில் மட்டும் சுமார் 400 இனங்கள் உண்டு. உடம்பில் செதில் கிடையாது, வழவழவென்று சளிதான். மொட்டைத் தலை, செங்குத்தாக இறங்கும் நெற்றி, தடித்த உதடு, உச்சந்தலையில் தவளைக்கு இருப்பது போல இரண்டு கண், பல இனங்களில் அந்தக் கண்களுக்கு மேலே ஒரு சின்னக் குஞ்சம். மொத்தத்தில், மத்தியானத் தூக்கத்தில் எழுப்பிவிடப்பட்ட தாத்தாவின் முகம். பல மீன்களுக்கு உடம்புக்குள் இருக்கும் காற்றுப்பை வளர்ந்த பிளென்னிக்குப் பெரும்பாலும் இருப்பதில்லை, அதனால் நீந்துவதை நிறுத்திய நொடியில் கல்லைப் போட்ட மாதிரி அடியில் போய் உட்கார்ந்துவிடும். அலை அறைகிற இடத்தில் மிதந்துகொண்டிருந்தால் பாறையில் மோதிச் சாக வேண்டியதுதான், ஆகவே காற்றுப்பை இல்லாதது அதற்கு வசதிதான். தொண்டைக்குக் கீழே இரண்டு மெல்லிய கால்கள் போல நீட்டிக்கொண்டிருப்பவை இடுப்புத் துடுப்புகள். அவற்றை ஊன்றிக்கொண்டு, மார்புத் துடுப்பை விரித்து முட்டுக் கொடுத்து உட்காரும். இதை மனதில் வைத்துக்கொண்டால் தேடுகிற விதமே மாறும். தண்ணீரில் நீந்தும் எதையும் தேடாதீர்கள், கல்மேல் உட்கார்ந்திருப்பதைத் தேடுங்கள். இன்னும் சரியாகச் சொன்னால், பொந்து வாசலில் தெரியும் ஒரு முகத்தை.

எப்போது போவது

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாட்கள்தான் சரியான நாட்கள், அப்போதுதான் தண்ணீர் அதிகம் உள்வாங்கும், மற்ற நாட்களில் மூடியே இருக்கும் குட்டைகள் திறக்கும். ஓத (கடல் ஏற்ற இறக்க) அட்டவணை இணையத்தில் கிடைக்கும், அதில் வற்றத்தின் கடைசி நேரத்தைப் பார்த்துக்கொண்டு அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் பாறைக்குப் போய்விடுங்கள். வற்றம் நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும், அதனால் நேற்று பார்த்த நேரத்தை நம்பி இன்று போனால் ஏமாற்றம்தான். மத்தியதரைக் கடல் மாதிரி ஓதமே பெரிதாக இல்லாத கடல் என்றால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். அங்கே பிளென்னிகள் முழங்கால் ஆழப் பாறை விளிம்பிலேயே இருக்கும், முகக்கண்ணாடி போட்டுக்கொண்டு தலையை உள்ளே விட்டால் போதும்.

உச்சி வெயில் வேண்டாம். ஆழமில்லாத குட்டை சீக்கிரம் சூடாகும், மீன்கள் நிழலான இடுக்குக்குள் போய்விடும், உங்களுக்கும் தலை சுற்றும். அலை பெரிதாக இருக்கும் நாளில் போகவே போகாதீர்கள், இதில் சமரசம் கிடையாது. கடலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள். திரும்பி வரும் வழி தண்ணீர் ஏறியதும் மூடிவிடுமா என்று போகும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், குட்டைக்குள் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருப்பவருக்கு நேரம் போவதே தெரியாது.

கையில் என்ன வேண்டும்

அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் பழைய ஷூ, தொப்பி, போலராய்டு கண்ணாடி. மூன்றாவதை விட்டுவிடாதீர்கள், தண்ணீர் மேல் பளபளக்கும் வெளிச்சத்தை அது வெட்டிவிடும், சாதாரணக் கூலிங் கிளாஸ் அந்த வேலையைச் செய்யாது. அடி தட்டையாகவும் தெளிவாகவும் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தால் இன்னும் நல்லது. அதைத் தண்ணீர் மேல் லேசாக அழுத்திப் பிடித்தால் நீர்ப்பரப்பின் நெளிவு மறைந்து, ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல அடி தெரியும். இடுக்குக்குள் பார்க்க ஒரு சின்ன டார்ச். வலை வேண்டாம். வலை கையில் இருந்தால் அதைப் பயன்படுத்தத்தான் தோன்றும்.

எந்தக் குட்டை

மணல் அடியும் வழுவழுப்பான சுவரும் இருக்கும் குட்டை பார்க்க அழகாக இருக்கும், பிளென்னிக்கு ஆகாது. அதற்கு வேண்டியது பொந்து, வெடிப்பு, பாறையின் கவிந்த விளிம்பு, செத்த கொட்டலசுகளின் (பாறையில் ஒட்டியே வாழும் ஓட்டுயிர்) காலி ஓடு, துளையிடும் சிப்பிகள் விட்டுப்போன ஓட்டை. ஒரு ஜாண் முதல் முழங்கால் வரை ஆழம் போதும். கரைக்குப் பக்கத்தில், மேட்டில் இருக்கும் குட்டைகளில் மழை பெய்தால் உப்பு குறையும், வெயில் அடித்தால் தண்ணீர் சுடும், அங்கே தாக்குப்பிடிக்கும் ஒன்றிரண்டு முரட்டு இனங்கள் மட்டுமே கிடைக்கும். ஆனால் அவைதான் கூச்சம் குறைந்தவை, முதல் முறை போகிறவர் அங்கேயே தொடங்கலாம். கடல் பக்கம் இறங்க இறங்க, பாறையில் இளஞ்சிவப்பு வண்ணம் பூசினது போல சுண்ணாம்புப் பாசி படிந்திருக்கும் குட்டைகளில் வகை கூடும். ஒரே நாளில் பத்துக் குட்டையைச் சுற்றாதீர்கள். இரண்டு போதும்.

உட்காரும் விதம்

இதுதான் முக்கியம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குட்டையை நெருங்கும்போதே குனிந்துகொள்ளுங்கள், உங்கள் நிழல் தண்ணீரில் விழாத பக்கமாகப் போங்கள், அதாவது சூரியன் உங்களுக்கு எதிரே அல்லது பக்கவாட்டில் இருக்கட்டும். மேலே இருந்து ஒரு நிழல் விழுந்தால் இந்த மீனுக்கு அது பறவை. அதற்கு மேல் யோசிக்க அதற்கு அவகாசமும் இல்லை. பாறையில் தொப்பென்று குதித்து இறங்காதீர்கள், அந்த அதிர்வு தண்ணீருக்குள் போகும். விளிம்பில் வசதியாக உட்கார்ந்து, முழங்கையை ஊன்றி, பிறகு அசையாதீர்கள். கழுத்து வலிக்கும்போது மாற்றிக்கொள்கிற மாதிரி முதலிலேயே உட்காராவிட்டால் ஐந்தாவது நிமிடத்தில் காரியம் கெட்டுவிடும்.

முதல் சில நிமிடம் ஒன்றும் நடக்காது. அப்புறம் கல் என்று நினைத்த ஒன்று நடக்கும், அது சங்கு ஓட்டுக்குள் குடியிருக்கும் துறவி நண்டு. கொஞ்ச நேரத்தில் கண்ணாடி மாதிரி இறால்கள், மீசையை முன்னால் நீட்டிக்கொண்டு. இவை வெளியே வந்துவிட்டால் குட்டை உங்களை மறக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். இப்போது கண்ணை ஒரே இடத்தில் குத்தி வைக்காமல், பொந்துகள் இருக்கும் சுவரை மொத்தமாகப் பாருங்கள். இருட்டான ஒரு ஓட்டைக்குள் முன்பு இல்லாத இரண்டு புள்ளிகள் தெரியும். கவனித்துப் பார்த்தால் அந்தப் புள்ளிகள் நகரும், அதுவும் தனித்தனியாக: ஒரு கண் உங்கள் மேல், இன்னொரு கண் பக்கத்துப் பாறை மேல். ஓணானைப் பார்த்தவர்களுக்கு இது பழக்கமான காட்சி. பிறகு உதடு, பிறகு கன்னம், அப்படியே பாதி உடம்பு. ஒரு துள்ளு, வெளியே வந்து ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிடும், வாலை ஒரு பக்கமாக வளைத்துக்கொண்டு. அங்கிருந்து கொட்டலசு தன் இறகுக் கால்களை வெளியே நீட்டிச் சுருக்குவதையே கொஞ்ச நேரம் பார்க்கும், சட்டென்று ஒரு கடி, அந்தக் கால்கள் அதன் வாயில். சில இனங்கள் கறியைத் தொடாது, சீப்புப் பல் மாதிரி நெருக்கமான பற்களால் பாறையில் இருக்கும் பாசியைச் சுரண்டித் தின்னும். அவை தின்ற இடத்தில் உதட்டு வடிவத் தடம் தெரியும். அந்தத் தடத்தைப் பார்த்தே குட்டையில் ஆள் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இது பிளென்னியா, உளுவையா

வெளியே வந்து உட்கார்ந்திருக்கும் எல்லாச் சின்ன மீனும் பிளென்னி இல்லை. பெரும்பாலும் குழப்புவது உளுவை என்ற இன்னொரு சின்ன மீன். முதுகுத் துடுப்பை எண்ணுங்கள், வேறு எதுவும் வேண்டாம். தலைக்குப் பின்னால் தொடங்கி வால் வரை ஒரே நீளத் துடுப்பு, நடுவில் ஒரு பள்ளம் இருந்தாலும் பரவாயில்லை, அது பிளென்னி. இடைவெளி விட்டு இரண்டு துடுப்பு என்றால் உளுவை. மூன்று என்றால் முத்துடுப்பு மீன், அதுவும் பிளென்னிக்கு உறவுதான், ஆனால் செதில் உண்டு. உளுவைக்கு இடுப்புத் துடுப்புகள் இரண்டும் சேர்ந்து ஒரு கிண்ணம் மாதிரி ஆகியிருக்கும், அதை வைத்துப் பாறையைப் பிடித்துக்கொள்ளும். உட்காரும் தோரணையிலும் வித்தியாசம் இருக்கிறது: உளுவை பெரும்பாலும் குச்சி மாதிரி நேராகக் கிடக்கும், பிளென்னி வளைந்து நெளிந்து உட்காரும். கல்லைப் புரட்டும்போது அதன் அடியில் தலைகீழாக ஒட்டிக்கொண்டு, முக்கோணத் தட்டைத் தலையோடு ஒன்று வந்தால் அது ஒட்டு மீன், வயிற்றில் உறிஞ்சு தட்டு இருக்கும். ஓடுகிற மீனில் துடுப்பை எண்ண முடியாது என்பது உண்மைதான், அதனால் போனில் ஒரு படம் எடுத்துவிட்டு வீட்டில் பெரிதாக்கி எண்ணுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வெப்பக் கடல்களில் கல் மாதிரியே கிடக்கும் முள் மீன்கள் உண்டு, அவற்றின் முதுகு முள்ளில் விஷம் இருக்கும். கூம்பு வடிவச் சங்குகளில் சில ஆளையே கொல்லும். நீல வளையம் போட்ட சின்ன ஆக்டோபஸ் ஒன்று இருக்கிறது, அதுவும் அப்படியே. ஆகவே கண்ணுக்குத் தெரியாத பொந்துக்குள் விரலை விடாதீர்கள். குட்டைப் பிளென்னி விரலைக் கடித்தால் நறுக்கென்று இருக்கும், அவ்வளவுதான். பவளப் பார்களில் நீந்தும் மெயாகாந்தஸ் என்ற கோரைப்பல் பிளென்னி மட்டும் விஷப் பல் உள்ளது. அதன் விஷத்தில் ஓபியாய்டு (அபின் வகை மருந்து) மாதிரி வேலை செய்யும் பொருள் இருப்பதாக 2017இல் வெளியான ஆய்வு சொன்னது, சோதனையில் எலிகளின் ரத்த அழுத்தம் இறங்கியது. குட்டையில் அதைப் பார்க்க வாய்ப்பில்லை, முகக்கண்ணாடியோடு பாரில் இறங்குபவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

குதித்துவிட்டால்

நீங்கள் கவனமாக இருந்தும் சில சமயம் ஒரு மீன் குட்டையை விட்டே வெளியே குதிக்கும். பதறிப் போய் எடுத்து உள்ளே போடாதீர்கள், அதற்குப் போகும் இடம் தெரியும். நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் லெஸ்டர் ஆரன்சன் 1951இல் இதை ஒரு பாறைக்குட்டை உளுவையிடம் சோதித்துக் காட்டினார். அது தன் குட்டையிலிருந்து பக்கத்துக் குட்டைக்குக் கண்ணால் பார்க்க முடியாமலேயே சரியாகக் குதிக்கும். எப்படி என்றால், ஓதம் ஏறி எல்லாம் ஒரே தண்ணீராக இருக்கும்போது அந்த இடத்தின் மேல் நீந்தி, எங்கே பள்ளம், எங்கே மேடு என்று மனப்பாடம் செய்துகொள்கிறது. அப்படி நீந்திப் பார்க்க விடாத மீன்கள் குதிக்கத் தயங்கின அல்லது தப்பாகக் குதித்தன. பிறகு செய்த சோதனையில், கற்றது சுமார் 40 நாள் கழித்தும் மறக்கவில்லை என்று தெரிந்தது. அலைத் தெறிப்பு மட்டும் படும் பாறையில் கிட்டத்தட்ட தரை விலங்காகவே வாழும் பிளென்னிகளும் இருக்கின்றன, வாலை முறுக்கி உதைத்துச் செங்குத்துப் பாறையில் தாவி ஏறும். தோல் ஈரமாக இருக்கும் வரை அவற்றுக்குக் கவலை இல்லை. ஐரோப்பியக் கரையோரத்தில் இருக்கும் ஷானி என்ற பிளென்னி, குட்டைகூட வேண்டாம் என்று ஈரக் கல்லுக்கு அடியில், பாசிக்குக் கீழே படுத்தே அடுத்த ஓதம் வரை காற்றில் மூச்சு விட்டுச் சமாளிக்கும். காய்ந்த பாறையில் வெயிலில் கிடந்து திணறினால் மட்டும், கையை நனைத்துக்கொண்டு எடுத்து அதே குட்டையில் விடுங்கள். பக்கத்துக் குட்டையில் வேண்டாம், அது அதற்கு அடுத்தவர் வீடு.

முட்டைக் காலம்

ஒரு பொந்தில் இருக்கும் மீன் எதற்கும் அசையாமல், நீங்கள் நெருங்கினாலும் உள்ளே போகாமல் முறைத்துக்கொண்டே இருந்தால் அது பெரும்பாலும் முட்டைக்குக் காவல் இருக்கும் ஆண். முட்டை இட்டுவிட்டுப் பெண் போய்விடும், காவல் முழுக்க அப்பாவுடையது. டார்ச் அடித்தால் பொந்தின் கூரையிலோ சுவரிலோ குண்டூசித் தலை அளவு மணிகள் ஒற்றை அடுக்காக ஒட்டியிருப்பது தெரியும், முற்றிய முட்டைகளில் குட்டிக் கண்கள்கூடத் தெரியும். ஆண் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். சில இனங்களில் ஆணின் குதத் துடுப்பில் சுரப்பிகள் உண்டு, அதில் சுரக்கும் சளி நுண்ணுயிர்களை எதிர்க்கும், அதை முட்டைமேல் தேய்த்துவிடும். ஷானி ஆண் இந்தக் காலத்தில் கறுத்துவிடும், உதடு மட்டும் வெள்ளையாகத் தெரியும். மத்தியதரைக் கடல் பக்கத்து மயில் பிளென்னியில் இன்னொரு கூத்து: சின்ன ஆண்கள் பெண்ணின் நிறத்தையும் நடையையும் போட்டுக்கொண்டு பெரிய ஆணின் பொந்துக்குள் நைசாக நுழையப் பார்க்கும். இதையெல்லாம் பார்க்கலாம், ஆனால் ஒரு நிமிடத்தில் டார்ச்சை அணைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அது உங்களுக்குப் பயந்து வெளியே ஓடினால் நண்டும் மற்ற மீன்களும் முட்டையை விட்டுவைக்காது.

கல்லைப் புரட்டுவது, வாளியில் வைப்பது

முடிந்தவரை இரண்டும் வேண்டாம். புரட்டியே ஆக வேண்டும் என்றால் ஒரு கையால் தூக்க முடிகிற கல்லை மட்டும், மெதுவாக, பிறகு அதே இடத்தில் அதே பக்கம் மேலாக இறக்கி வையுங்கள். அடியில் இருந்தது வெயிலில் கிடந்தால் சாகும், மேலே இருந்த பாசி அடியில் போனாலும் சாகும். இறக்கும் முன் மீன் நகர்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு இறக்குங்கள், நசுங்கிச் செத்த ஒன்றை ஒருமுறை பார்த்த பிறகு நான் கல்லைத் தொடுவதையே குறைத்துவிட்டேன். குழந்தைகளுக்குக் காட்ட வாளியில் வைத்தால் ஐந்து நிமிடம், நிழலில், ஒரு வாளிக்கு ஒரு மீன், கூடவே நண்டைப் போடாதீர்கள். வெயிலுக்குப் பூசும் கிரீம் கையில் இருந்தால் தண்ணீரில் கையை வைக்க வேண்டாம். எடுத்துப் போய் வளர்ப்பது பல கரைகளில் சட்டப்படி குற்றம், பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் கேட்கவே வேண்டாம். அப்படி இல்லாத இடத்திலும் செய்யாதீர்கள், சொன்னேனே, வழி மனப்பாடம் ஆன மீன் அது.

படம் எடுக்க வேண்டுமா? போன் தண்ணீர் தாங்கும் வகை என்றால் அதை மெதுவாக நீருக்குள் இறக்கி, பொந்துக்கு நேரே வைத்து, வீடியோ ஓடவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ஆள் இல்லாத போனைப் பார்த்து வெளியே வரும் மீன்கள், ஆளோடு இருக்கும் போனைப் பார்த்து வருவதில்லை. மேலிருந்து எடுத்த படத்தில் பிளென்னி ஒரு பழுப்புக் கோடு. அதன் கண் மட்டத்தில் எடுத்தால்தான் அந்தத் தாத்தா முகம் கிடைக்கும்.

கடைசியாக ஒரு நோட்டு. இனப் பெயர்கள் பிறகு வரட்டும், முதலில் குட்டையை வரையுங்கள், கோணல்மாணலாக இருந்தாலும் சரி, பொந்துகளுக்கு ஒன்று, இரண்டு என்று எண் போடுங்கள். அடுத்த வற்றத்தில் அதே குட்டைக்கே போங்கள். ஒரே மீன் ஒரே பொந்தில் திரும்பத் திரும்ப இருக்கும், ஆளை அடையாளம் வைக்க ஏதாவது ஒரு குறை போதும். என் படத்தில் மூன்றாம் பொந்துக்காரனுக்கு வலது கண் குஞ்சம் பாதிதான். நாலு முறை போனபோதும் அங்கேயே இருந்தான். ஐந்தாம் முறை அந்தப் பொந்தில் ஒரு நண்டு உட்கார்ந்திருந்தது. சரி, போய்விட்டான் என்று எழுந்திருக்கப் பார்த்தேன், கால் மரத்துப் போயிருந்ததால் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். இடது பக்கம் இரண்டு ஜாண் தள்ளி, காலிக் கொட்டலசு ஓடு ஒன்றில் இரண்டு புள்ளி நகர்ந்தது, மேலே ஒன்றரைக் குஞ்சம்.